புளியமரத்துக்கு இலை வைத்தவர்

திண்டிவனத்தில் ஒரு காலத்தில் அழகில்லாத மனிதர் ஒருவர்கூடக் கிடையாது. தெருவில் பார்த்தால் எல்லா ஊரையும் போலத்தான் இருந்தார்கள். அம்மைத் தழும்பு, மாறுகண், முன்வழுக்கை, தூக்கிய பல் எதற்கும் பஞ்சமில்லை. ஆனால் வீட்டுக்குள் போய்ச் சுவரில் மாட்டியிருக்கும் போட்டோவைப் பார்த்தால் குடும்பத்துக்குக் குடும்பம் ராஜகளை சொட்டும். இந்த அதிசயத்துக்குக் காரணம் ஒரே ஒரு ஆள். அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஊரில் யாருக்கும் ஞாபகம் இல்லை. எல்லோருக்கும் அவர் டச்சிங்.

ஸ்டேஷன் ரோட்டில் ஒரு போட்டோ ஸ்டூடியோ இருந்தது. முதலாளி கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுப் படம் எடுப்பார். எடுத்த கண்ணாடி நெகட்டிவ் பின்கட்டுக்குப் போய்விடும். அங்கே ஜன்னலோரமாக ஒரு சாய்வு மேஜை, மேஜை நடுவில் ஓர் ஓட்டை, ஓட்டைக்குக் கீழே வெயிலை மேலே திருப்பிவிட ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி. ஓட்டையின்மேல் நெகட்டிவை வைத்துக்கொண்டு, ஊசி மாதிரி சீவிய பென்சிலோடு காலையிலிருந்து வெயில் சாயும்வரை குனிந்து உட்கார்ந்திருப்பவர்தான் டச்சிங். படத்தைத் தொட்டுத் திருத்தும் அந்த வேலைக்கு இங்கிலீஷில் இருந்த பெயரே அவர் பெயராகிவிட்டது. நெகட்டிவில் பென்சில் வைத்த இடம் படத்தில் வெளுக்கும். பிளேடு முனையால் சுரண்டிய இடம் கறுக்கும். இந்த இரண்டு வேலையை வைத்துக்கொண்டே அவர் ஒரு தாலுகாவின் முகத்தைத் திருத்திவிட்டார்.

தொழில் பழக்கம் தெருவிலும் விடாது. எதிரில் வருகிறவரிடம் சௌக்கியமா என்று கேட்கமாட்டார். "இடது கன்னத்துல ஒரு பள்ளம் இருக்குதுங்களே, எப்பலேர்ந்து?" என்று கேட்பார். ஒருமுறை கோயில் வாசலில் தாசில்தாரை நிறுத்தி, "தாடை கொஞ்சம் எறங்கிக்கினு இருக்குதுங்க. நீங்க ஒண்ணும் கவலப்படாதீங்க, நான் பாத்துக்கறேன்" என்று தைரியம் சொன்னார். தாசில்தார் டாக்டரிடம் போய் வந்ததாகக் கேள்வி.

மயிலம் பக்கத்து வழுக்கை மாப்பிள்ளை ஒருவருக்குப் போட்டோவில் அவர் முடி வைத்த கதை ஊரறிந்தது. பெண் வீட்டார் போட்டோவைப் பார்த்தே சம்மதித்துவிட்டார்கள். முகூர்த்தத்துக்கு முந்திய நாள் பெண்ணின் தகப்பனார் போட்டோவும் கையுமாக வந்து, மாப்பிள்ளையிடமே, "மாப்பிள்ளை எங்கங்க?" என்று கேட்டுவிட்டார். ரகளையாகி, ஜட்கா வண்டி அனுப்பி டச்சிங்கை வரவழைத்தார்கள். அவர் போட்டோவை ஒரு தரம் பார்த்தார், மாப்பிள்ளையை ஒரு தரம் பார்த்தார். "போட்டோவுல ஒரு கொறையும் இல்லீங்க. மாப்ளதான் வெயில்ல அலைஞ்சி கெட்டுட்டாரு" என்று தீர்ப்பு சொன்னார். கல்யாணம் நடந்தது. அந்த மாப்பிள்ளை அதன்பிறகு குடையில்லாமல் வெளியே வந்ததில்லை.

நான் அவரிடம் மாட்டிக்கொண்டது ஒரு மச்சத்தால். எனக்கு வீடு திண்டிவனம். ஐம்பதுகளின் கடைசியில் விழுப்புரத்தில் ஓர் ஆபீஸில் டெம்பரரி குமாஸ்தாவாக வேலை கிடைத்தது. ரோட்டுக்கும் ரோட்டோர மரத்துக்கும் பொறுப்பான ஆபீஸ். பெயர் வேண்டாம். தினமும் காலை பாசஞ்சரில் போய் மாலை பாசஞ்சரில் திரும்புவேன். வேலையில் சேரும்போது போட்டோ கேட்டார்கள், கொடுத்தேன். ஹெட் கிளார்க் என் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தையும் போட்டோவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"வலது கன்னத்துல மச்சம்னு போட்டிருக்குது. மூஞ்சியில இருக்குது. போட்டோவுல காணோமே. இது உன் தம்பியாப்பா?"

மறுநாள் ஸ்டூடியோவின் பின்கட்டில் போய் நின்றேன். டச்சிங் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"மச்சமா? தூசின்னு எடுத்துட்டேங்க. நாளைக்கி வெச்சித் தர்றேன்."

சொன்னபடியே வைத்துத் தந்தார். ஆனால் கன்னத்தில் இல்லை, உதட்டுக்கு மேலே. கேட்டதற்கு, "கன்னத்துல எடுப்பா இல்லீங்க சார். இங்க பாருங்க, எப்பிடி இருக்குது" என்றார். உண்மையைச் சொன்னால் நன்றாகத்தான் இருந்தது. மூன்றாவது தடவை பக்கத்திலேயே உட்கார்ந்து, கன்னத்தைக் காட்டிக்கொண்டே இருந்துதான் என் மச்சத்தை அதன் இடத்தில் வாங்கினேன். அன்றிலிருந்து அவர் எனக்கு அண்ணன். ஒழிந்த நேரமெல்லாம் அந்தப் பின்கட்டில்தான் இருப்பேன்.

அவருடைய பெரிய வேலை உயிரோடு இருப்பவர்களைப் பற்றியது அல்ல. போட்டோ எடுத்தால் ஆயுசு குறையும் என்று அந்தக் காலத்துப் பெரியவர்கள் பலர் கேமரா பக்கமே வரமாட்டார்கள். ஆகவே அவர்களுக்கு முதல் போட்டோவும் கடைசி போட்டோவும் ஒன்றுதான். உயிர் போன பிறகு நாற்காலியில் உட்கார வைத்து, சரிந்துவிடாமல் பின்னாலிருந்து ஒருவர் பிடித்துக்கொள்ள, முதலாளி எடுத்து வருவார். மூடின கண்ணைத் திறப்பதும், சாய்ந்த தலையை நிமிர்த்துவதும், பின்னால் பிடித்திருந்த கையை அழிப்பதும் டச்சிங் பொறுப்பு. சும்மா திறந்துவிடமாட்டார். வீட்டாரைக் கூப்பிட்டு உட்கார வைத்து விசாரிப்பார்.

"பெரியவரு எப்பிடிங்க பாப்பாரு? முறைச்சிக்கினு பாப்பாரா, சாந்தமா பாப்பாரா?"

அவர் திறந்த கண்ணைப் பார்த்து, "ஐயோ, எங்கப்பா" என்று அழுதவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

கண் திறந்த படத்தைக் கடைசியாகக் காப்பிக் கலருக்கு மாற்றுவார். முதல் தட்டில் இருக்கும் மருந்தில் போட்டால் படம் கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்து மறைந்துபோகும். பார்க்கிறவர்களுக்குப் பகீரென்னும். கழுவி இரண்டாவது தட்டில் போட்டால் அதே படம் பழுப்பாக, புது டிக்காஷன் நிறத்தில் திரும்பி வரும். "கறுப்பு வெள்ள பத்து வருசத்துல மங்கிடுங்க. இது பேரன் காலத்துக்கும் நிக்கும்" என்பார். ஒரே ஒரு குறை, அந்த இரண்டாவது மருந்துக்கு அழுகின முட்டை நாற்றம். தெருவே மூக்கைப் பிடித்துக்கொள்ளும். பிடித்துக்கொண்டே, "இன்னிக்கி யாரு போய்ட்டாங்க?" என்று விசாரிக்கும். பக்கத்தில் மல்லாட்டை மண்டி, அதாவது வேர்க்கடலை மண்டி, வைத்திருந்த நயினார் சமணர், முட்டை என்ற சொல்லையே வாயால் சொல்லாதவர். அவருக்குத்தான் பெரிய பேஜாரு. நாற்றம் வந்ததும் கல்லாவை மூடிக்கொண்டு காற்று வரும் திசையைப் பார்த்து நின்றுவிடுவார்.

இப்படி இருக்கும்போதுதான் எண்பத்தேழாம் நம்பர் மரம் என் தலையில் விழப் பார்த்தது.

கூட்டேரிப்பட்டு தாண்டி ரோட்டோரத்தில் நின்ற கிழட்டுப் புளியமரம் அது. மின்னல் விழுந்து பட்டுப்போய் ஓர் இலைகூட இல்லாமல் ரோட்டின்மேல் சாய்ந்து நின்றது. கிளை ஒன்று முறிந்து மல்லாட்டை ஏற்றிப்போன மாட்டு வண்டிமேல் விழுந்தது. நல்லவேளையாக வண்டிக்காரர் இறங்கி நடந்துகொண்டிருந்தார். வெட்டவேண்டுமென்றால் மெட்ராஸ் பெரிய ஆபீஸிலிருந்து உத்தரவு வரவேண்டும். அதற்குப் போட்டோ மூன்று காப்பி இணைக்கவேண்டும்.

இன்ஜினியர் என்னைக் கூப்பிட்டார். சிரித்து நாங்கள் யாரும் பார்த்திராத மனிதர்.

"மரம் செத்துப்போனது படத்துலயே தெரியணும். ரெண்டு மாசத்துக்குள்ள உன்னோட பர்மனென்ட் ரிப்போர்ட்ட நான் எழுதணும். அத மனசுல வெச்சிக்கினு இந்த வேலயப் பாரு."

மனதில் அதைத் தவிர வேறு எதுவுமே இல்லை. எனக்குப் பேசி வைத்திருந்த பெண்ணின் தகப்பனார், பர்மனென்ட் ஆர்டரைக் கண்ணால் பார்த்த பிறகே தட்டு மாற்றுவது என்று உறுதியாக இருந்தார்.

ஸ்டூடியோ முதலாளி கேமராவையும் முக்காலியையும் பஸ்மேல் ஏற்றிக்கொண்டு போய்ப் படம் எடுத்து வந்தார். நெகட்டிவ் பின்கட்டுக்கு வந்தது. நானும் பின்னாலேயே போய் டச்சிங்கிடம் சொன்னேன்:

"அண்ணே, செத்துப்போனது. பெரிய எடத்துக்குப் போவுது. நல்லா பண்ணிக் குடுங்க."

இதில் என் தப்பு என்ன என்று நீங்களே பாருங்கள். இருபது வருஷமாக ஒவ்வொரு சாவு வீட்டாரும் அவரிடம் வந்து சொன்ன வார்த்தை இதேதான்.

அவர் நெகட்டிவை வெயிலில் தூக்கிப் பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

"வயசு எவ்ளோங்க?"

"நூறு இருக்கும்ணே."

"நல்ல சாவு. படுத்துக்கினு கெடந்துச்சா, திடீர்னு போயிருச்சா?"

"இடி விழுந்து போச்சு."

"த்ச" என்றார். உண்மையிலேயே வருத்தப்பட்டார். எனக்கு அப்போதே பொறி தட்டியிருக்கவேண்டும். ரயிலுக்கு நேரமாகிவிட்டதால் தட்டவில்லை.

மறுநாள் அவர் ஸ்டூடியோவுக்கு வரவில்லை. பஸ் ஏறி மரத்தைப் பார்க்கப் போய்விட்டார் என்று பிறகு தெரிந்தது. அந்த மரத்தடியில் அவித்த மல்லாட்டை விற்கும் அம்மா ஒருவர் உண்டு. அவரிடம் போய் உட்கார்ந்து மரம் உயிரோடு இருந்தபோது எப்படி இருக்கும் என்று விசாரித்திருக்கிறார். அந்த அம்மாவும் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். "கெழக்கால தழை அடச்சிக்கினு கெடக்கும் சாமி. மேக்கால கொஞ்சம் பூஞ்சை. உச்சியில மட்டும் எப்பவும் கொழுந்தா இருக்கும்." இதையெல்லாம் டச்சிங் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டு வந்திருக்கிறார்.

ஐந்து நாள் அந்த நெகட்டிவைத் தவிர வேறு எதையும் அவர் தொடவில்லை. கல்யாணப் படங்கள் குவிந்தன. முதலாளி கத்தினார். "இருங்க, உசுரு வந்துக்கினு இருக்குது" என்று பதில் வந்தது. என்னைப் பின்கட்டுக்குள்ளேயே விடவில்லை. ஆறாம் நாள் தெருவில் அந்த நாற்றம் கிளம்பியது. நயினார் மண்டி வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"யாருப்பா போனது?"

"புளியமரங்க."

நயினார் என்னை மேலும் கீழும் பார்த்தார். "உங்க வகையில ஒறவா?"

"ஆபீஸ் வகையிலங்க" என்றேன்.

டச்சிங் மூன்று படங்களையும் கெட்டி அட்டையில் ஒட்டி, மேலே மெல்லிய தாள் போட்டு, பழுப்புக் காகிதத்தில் சுற்றி நூல் கட்டிக் கையில் கொடுத்தார். "நாலு நாளு பிரிக்காதீங்க சார். காத்து பட்டா கலரு கெட்டுடும். போற எடத்துலயே பிரிச்சிக்கட்டும்." நான் சொன்னபேச்சு கேட்கிறவன், பிரிக்கவில்லை. ஹெட் கிளார்க்கும் கட்டு அவிழ்க்கச் சோம்பல்பட்டு, அப்படியே கோப்போடு சேர்த்துத் தைத்துவிட்டார். "இணைப்பில் கண்ட படங்கள் மேற்படி மரம் முற்றிலும் பட்டுப்போய்ச் சாய்ந்து நிற்பதைத் தெளிவுறக் காட்டும்" என்ற கடிதத்தில் இன்ஜினியர் கையெழுத்துப் போட்டார்.

மூன்று வாரம் கழித்து மெட்ராஸிலிருந்து பதில் வந்தது. கூடவே ஒரு படமும் திரும்பி வந்தது. இன்ஜினியர் அதை மேஜைமேல் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் படத்தைப் பார்த்தேன்.

அப்படி ஒரு மரத்தை நான் பார்த்ததில்லை. காப்பிக் கலரில், ஒரு ஜமீன்தார் நிற்கிற மாதிரி நின்றது. கிழக்கே இலை அடர்ந்திருந்தது, மேற்கே கொஞ்சம் மெலிவு, உச்சியில் கொழுந்து. ஒவ்வோர் இலையும் பிளேடு முனையால் சுரண்டி வைத்தது. அதன்மேல் பென்சிலால் வெயில்வேறு அடித்திருந்தார். தந்திக் கம்பம் இல்லை, கம்பி இல்லை, மரத்தில் எங்கள் ஆபீஸ் அடித்த எண்பத்தேழு என்ற நம்பர் இல்லை. வெறும் வானம் அவருக்குப் பொறுக்கவில்லை. முதலாளி எப்போதோ செஞ்சியில் எடுத்த மேகம் ஒன்றைத் தனி நெகட்டிவாக அவர் பத்திரப்படுத்தி வைத்திருந்தார். அது மரத்துக்குப் பின்னால் மிதந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, சாய்ந்திருந்த மரத்தை நிமிர்த்திவிட்டார். படத்தையே ஒரு பக்கமாகச் சாய்த்து வைத்து நிமிர்த்தியதால் மரம் நேராகிவிட்டது, ரோடு சாய்ந்துவிட்டது.

இன்ஜினியர் பதிலைப் படிக்கச் சொன்னார். நின்றுகொண்டே படித்தேன். இவ்வளவு செழிப்பான மரம் இந்தச் சாலையில் வேறு இல்லை என்று தெரிவதாகவும், இதை வெட்டக் கேட்பதன் உள்நோக்கம் என்னவென்று விளக்கவேண்டும் என்றும், மேலும் திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடையில் இத்தனை செங்குத்தான மேடு ஆபீஸ் கணக்கில் இல்லாததால் அது எப்போது போடப்பட்டது என்று தெரிவிக்கவேண்டும் என்றும் எழுதியிருந்தார்கள்.

"மரத்த விடு. என் ரோட்ட யாருய்யா மேட்டுல ஏத்துனது?" என்றார் இன்ஜினியர். "மூணு நாள்ல எழுத்துல விளக்கம் வரணும். இல்லன்னா டெம்பரரி ஆள நிறுத்த எனக்கு நோட்டீஸ்கூட வேணாம்."

மாலை பாசஞ்சரிலிருந்து இறங்கி நேராகப் பின்கட்டுக்குப் போனேன். என் வாழ்நாளில் நான் அவரிடம் கோபமாகப் பேசியது அன்று ஒரு நாள்தான்.

"இன்னாண்ணே பண்ணி வெச்சிருக்கீங்க? செத்த மரத்துக்கு யாருனா இலை வைப்பாங்களா?"

"செத்தத செத்த மாதிரியே காட்டறதுக்கு நான் எதுக்குங்க?" என்றார் சாந்தமாக. "திருவக்கரையில மரம் கல்லாப்போய் கெடக்குதே, அத எடுத்தாந்து குடுங்க, அதுக்கும் தழை வைப்பேன். படம் எப்பிடி இருந்துச்சாம், அத சொல்லுங்க."

"என் வேல போவப்போவுதுண்ணே."

பென்சிலைக் கீழே வைத்தார். முழுக் கதையையும் சொன்னேன், பெண் வீட்டார் விஷயம் உள்பட. கேட்டுக்கொண்டே பிளேடுகளை ஒவ்வொன்றாகத் துடைத்து டப்பாவில் போட்டார். எனக்கு ஆத்திரம் தீரவில்லை. எழுந்து வந்துவிட்டேன்.

மறுநாள் காலை பாசஞ்சரில் ஏறி உட்கார்ந்தால், எதிர் சீட்டில் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு டச்சிங் இருந்தார். முண்டியம்பாக்கம் வரும்வரை ஜன்னல் வழியே மரங்களைப் பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு, "உங்க ஆபீசருக்கு என்னா வயசு?" என்று மட்டும் கேட்டார்.

இன்ஜினியர் முன்னால் கைகட்டி நின்றார். நான் பயந்தபடியே முதல் அரை நிமிஷம் அவர் முகத்தைத்தான் ஆராய்ந்தார். நல்லவேளை, ஒன்றும் சொல்லவில்லை.

"தப்பு என்னுதுங்க. இவரு படத்தக் கண்ணால பாக்கல. நான்தான் பிரிக்கவேணாம்னு சொன்னேன்."

"அத எழுதிக் குடுங்க" என்றார் இன்ஜினியர்.

ஹெட் கிளார்க் சொல்லச் சொல்ல, டச்சிங் எழுதினார். அந்த வாசகம் எனக்கு இன்றும் மனப்பாடம். "மேற்படி படத்தில் காணும் இலைகள் அரசாங்கத்தைச் சேர்ந்தவை அல்ல. அவை அனைத்தும் என்னால் வைக்கப்பட்டவை. மேகம் செஞ்சியைச் சேர்ந்தது. சாலையின் மேடு மரத்தை நிமிர்த்தியதால் ஏற்பட்டது." அந்த இடத்தில் இன்ஜினியர் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருமினார். தோள் குலுங்கியதைப் பார்த்தால் இருமல் மாதிரி தெரியவில்லை.

"கடைசியா, 'ஆகவே இந்தப் படம் பொய்யானது'ன்னு போட்டு, கையெழுத்துப் போடுங்க" என்றார் ஹெட் கிளார்க்.

டச்சிங் பேனாவைத் தூக்கிக்கொண்டார்.

"பொய்யின்னு எப்பிடிங்க எழுதறது? அந்த மரம் அப்பிடித்தான் இருந்துச்சி. வெசாரிச்சிட்டுத்தான் செஞ்சேன். ஒரு எலைகூட நானா வெக்கல."

"அது சரி. அப்பிடி எழுதலன்னா மெட்ராஸ்ல ஒத்துக்கமாட்டாங்க. இவுருக்கு வேல இருக்காது."

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். எதை எடுக்கலாம், எதை வைக்கலாம் என்று தேடாமல் அவர் ஒருவர் முகத்தைப் பார்த்ததை அன்றைக்குத்தான் கண்டேன். பிறகு குனிந்து எழுதினார். பதினாயிரம் இலையை ஐந்து நாளில் சுரண்டி முடித்த கை, அந்த நாலு வார்த்தையை முடிக்க வெகுநேரம் எடுத்துக்கொண்டது. கீழே தன் பெயரைப் போட்டார். அதை இங்கே நான் எழுதப்போவதில்லை. எழுதினால் அவர் வேறு யாரோ ஆகிவிடுவார்.

விழுப்புரத்து ஸ்டூடியோ ஒன்று அதே மரத்தை வேறு படம் எடுத்தது. அந்தப் படத்தில் பட்ட மரம் பட்ட மரமாகவே பதிந்திருந்தது. உத்தரவு வந்தது, மரம் போனது, என் பர்மனென்ட் ஆர்டரும் வந்தது. தட்டு மாற்றினோம். காப்பிக் கலர்ப் படம் மட்டும் கோப்புக்குத் திரும்பவில்லை. இன்ஜினியர் வீட்டுக் கூடத்தில் அதைப் பார்த்ததாகப் பியூன் சொன்னான். டச்சிங்கிடம் ஓடிப்போய் இதைச் சொன்னேன். "எந்தப் பக்கத்து செவுத்துலங்க? வெயில் படாத எடமா?" என்று கேட்டுவிட்டு, யாரோ ஒரு பாட்டியின் கண்ணைத் திறக்க ஆரம்பித்தார். எழுதிக் கொடுத்த காகிதத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, எனக்கும் பேச வாய் வரவில்லை. அறுபதுகளின் நடுவில் மகளோடு இருக்கப் போகிறேன் என்று கிளம்பிப் போனார். எந்த ஊர் என்று கேட்டு வைத்துக்கொள்ளாதது என் மடத்தனம்.

அதே ஆபீஸில் ஹெட் கிளார்க் ஆகி நான் ரிட்டையர் ஆனேன். கடைசி வாரம் ரிகார்ட் அறையில் அந்தக் கோப்பு கையில் கிடைத்தது. என்றும் அழிக்கக்கூடாதவை என்று முத்திரை குத்திய கட்டில் இருந்தது. ஆக, அந்தப் படம் பொய் என்கிற காகிதம் அங்கே நிரந்தரமாக இருக்கப்போகிறது. முப்பத்து நாலு வருஷ சர்வீசில் ஆபீஸ் குண்டூசி ஒன்றைக்கூட வீட்டுக்குக் கொண்டு வராதவன் நான். அன்று நூலை அவிழ்த்து அந்த ஒரு தாளை மட்டும் உருவி, நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். அந்த மனிதர் தன் வாழ்நாளில் எழுதிய ஒரே பொய் அது. எனக்காக எழுதியது. அதை அங்கே விட்டுவிட்டு வர எனக்கு மனம் வரவில்லை.